ரிப்பீட்டருக்கு எந்தக் கோஆக்சியல் கேபிள்? இழப்புக் கணக்கும் இரைச்சல் கணக்கும்

ரிப்பீட்டரை, அதாவது வலுக்குறைந்த சிக்னலை வாங்கி வேறு அதிர்வெண்ணில் உடனே திரும்ப அனுப்பும் நிலையத்தை, பராமரிக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) குழுக்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பழைய ஃபீட்லைனை, அதாவது கருவியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிளை, மாற்ற வேண்டும். கையில் எல்எம்ஆர்-400 என்ற நெகிழ்வான கேபிள் சுருள் ஒன்று இருக்கிறது. ஒரு நண்பர் கழற்றிய ஹார்டுலைன் (உலோகக் குழாயால் மூடிய விறைப்பான கேபிள்) தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் ஆர்ஜி-214 என்ற பின்னல் கேபிள் போதும் என்று அடித்துச் சொல்கிறார். எதைப் போடுவது?

கேட்பவர்களில் பெரும்பாலோர் இழப்பு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். 100 மீட்டருக்கு எத்தனை டெசிபல் போகிறது என்ற ஒரே எண்ணை வைத்து முடிவெடுக்கப் பார்க்கிறார்கள். வீட்டு நிலையத்துக்கு அது சரியான வழி. ரிப்பீட்டருக்கு அது பாதி வழிதான். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் (டூப்ளெக்ஸ்) ரிப்பீட்டருக்கு, வெளிக்கடத்தி (நடுக்கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) ஒரே உலோகத்தில் இடைவெளியில்லாத குழாயாக அமைந்த கேபிளே முதல் தேர்வு. மற்றவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.

## ரிப்பீட்டரில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை

வீட்டு நிலையத்தில் பேசும்போது ரிசீவர் ஓய்வெடுக்கிறது, கேட்கும்போது டிரான்ஸ்மிட்டர் ஓய்வெடுக்கிறது. கேபிள் எவ்வளவு இரைச்சல் எழுப்பினாலும் அதைக் கேட்க அங்கே யாருமில்லை. ரிப்பீட்டரில் இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்கின்றன.

50 வாட் டிரான்ஸ்மிட்டரின் வெளியீடு +47 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). நல்ல எஃப்எம் ரிசீவர் ஒன்று 0.25 மைக்ரோவோல்ட் அளவில், அதாவது −119 டிபிஎம் அளவில், புரியும்படி கேட்கும். இரண்டுக்கும் இடையே 166 டெசிபல். மடங்கில் சொன்னால் சுமார் 400 கோடி கோடி. அந்தப் பெரிய சக்தியும் இந்தச் சிறிய சக்தியும் 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒரே கேபிளில், எதிரெதிராகப் பயணிக்கின்றன. டிரான்ஸ்மிட்டரின் சக்தியில் நினைத்துப் பார்க்க முடியாத அளவு சிறு துணுக்கு ஒன்று ரிசீவரின் அதிர்வெண்ணில் இரைச்சலாக மாறினாலே போதும், தூரத்துக் கையடக்கக் கருவியின் குரல் அமுங்கிப்போகும்.

டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே ஆன்டெனாவைப் பகிர உதவும் வடிகட்டியான டூப்ளெக்சர் இருக்கிறதே என்று கேட்கலாம். டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் இரைச்சலை அது 80 முதல் 100 டெசிபல் வரை அடக்குகிறது, உண்மைதான். ஆனால் டூப்ளெக்சர் அடக்குவது அதற்கு முன்னால் பிறந்த இரைச்சலை. ஆன்டெனா பக்கம், கேபிளுக்குள்ளேயே பிறக்கும் இரைச்சல் ரிசீவரின் அதிர்வெண்ணிலேயே பிறக்கிறது. டூப்ளெக்சரின் கண்ணுக்கு அதுவும் நாம் கேட்க விரும்பும் சிக்னலும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே மரியாதையோடு உள்ளே விட்டுவிடும். விலையுயர்ந்த கேவிட்டியை (டூப்ளெக்சரின் வடிகட்டிக் குடுவையை) எத்தனை முறை திருகித் திருத்தினாலும் இந்த நோய் தீராது.

## இரைச்சல் எங்கே பிறக்கிறது

குறைந்த இழப்புக்காகச் செய்யப்படும் நெகிழ்வான கேபிள்களில் பெரும்பாலானவற்றின் வெளிக்கடத்தி இரண்டு அடுக்கு கொண்டது. உள்ளே அலுமினியப் படலம், அதன்மேல் வெள்ளீய முலாம் பூசிய செம்புக் கம்பிப் பின்னல். எல்எம்ஆர்-400 இந்தக் கட்டமைப்புத்தான். பின்னலின் ஒவ்வொரு கம்பியும் படலத்தை எண்ணற்ற இடங்களில் தொடுகிறது. தொடுகிறது, அவ்வளவுதான், பற்றவைக்கப்படவில்லை. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட கணமே மெல்லிய ஆக்சைடு படிகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. இரு உலோகங்களுக்கிடையே ஈரம் சிறிது சேர்ந்தால் அரிப்பும் கூடவே வரும்.

டிரான்ஸ்மிட்டரின் மின்னோட்டம் இந்தத் தொடுபுள்ளிகள் வழியே ஏறி இறங்குகிறது. காற்றில் கேபிள் அசையும்போது, வெயிலில் நீளும்போது, சில புள்ளிகள் ஒட்டுகின்றன, சில விலகுகின்றன. ஒவ்வொரு மாற்றமும் மிகச் சிறிய சுவிட்ச் போலச் செயல்பட்டு, சக்தியில் ஒரு துளியை அகன்ற பட்டையில் இரைச்சலாகச் சிதறடிக்கிறது. பல டிரான்ஸ்மிட்டர்கள் உள்ள தளத்தில் இன்னொரு தீமையும் சேர்கிறது: சரியாக ஒட்டாத தொடுபுள்ளி டயோடு போல நடந்துகொண்டு அதிர்வெண்களைக் கலக்கும். நம் ரிப்பீட்டர் 145.700 மெகாஹெர்ட்ஸில் அனுப்பி 145.100-இல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கோபுரத்தில் 146.300-இல் வேறொரு டிரான்ஸ்மிட்டர் இயங்கினால், முதலாவதின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும்போது கிடைப்பது 145.100. நேராக நம் வாசலில் வந்து விழுகிறது.

சில ஆண்டுகள் கோபுரத்தில் தொங்கிய படலக் கேபிள் ஒன்றைக் கழற்றினால் ஒரு கை நீளம் உரித்துப் பாருங்கள். பின்னலை ஒதுக்கியதும் படலத்தின் மேல் வைர வடிவ அச்சு வரிவரியாகப் பதிந்திருக்கும். கம்பிகள் அழுந்திய இடம் மினுமினுக்கும், இடைப்பட்ட இடம் மங்கியிருக்கும். நீர் புகுந்த முனையில் சாம்பல் வெள்ளைத் தூள் விரலில் ஒட்டும். மீட்டரில் வைத்தால் அந்தக் கேபிள் எஸ்டபிள்யூஆர் (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) 1.2 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். எஸ்டபிள்யூஆர் மீட்டர் வாட் கணக்கில் பார்க்கிறது. ரிசீவர் அதற்கு எத்தனையோ கோடி கோடி மடங்கு கீழே உள்ளதைக் கேட்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கும் வரிசை இது.

முதலாவது, வெளிக்கடத்தியின் கட்டமைப்பு. ஒரே உலோகமா, இரண்டா? தொடர் குழாயா, பின்னலா? மின்னோட்டம் வழியில் தொடுபுள்ளிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறதா?

இரண்டாவது, இழப்பு. ரிப்பீட்டரில் அது இரு வழியும் பாதிக்கிறது. 3 டெசிபல் இழப்பு என்றால் வெளியே போவதில் பாதி, உள்ளே வருவதிலும் பாதி. வேறொரு கேடும் உண்டு: இழப்பு மிகுந்த கேபிள் ஆன்டெனாவின் கோளாறை மறைக்கும். 3 டெசிபல் இழப்புள்ள கேபிளின் மேல்முனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே எஸ்டபிள்யூஆர் 3-ஐத் தாண்டாது.

மூன்றாவது, கசிவு. இது கோபுரத்தில் ஏறும் கேபிளைவிட, அலமாரிக்குள் டிரான்ஸ்மிட்டருக்கும் டூப்ளெக்சருக்கும் ரிசீவருக்கும் இடையே ஓடும் குட்டிக் கேபிள்களுக்கு முக்கியம்.

நான்காவது, வெயில், மழை, காற்று ஆகியவற்றை எத்தனை ஆண்டு தாங்கும் என்பது. ஐந்தாவது, அதை ஏற்றிக் கட்டிக் கனெக்டர் போட உங்கள் குழுவால் முடியுமா என்பது.

கவச ஆற்றல் என்று விளம்பரங்களில் வரும் எண்ணை இந்த வரிசையில் தனியாகச் சேர்க்கவில்லை. காரணம் உண்டு. படலமும் பின்னலும் சேர்ந்த கேபிளின் கவச ஆற்றல் 90 டெசிபலுக்கு மேல் என்று அச்சிட்டிருப்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். அது வெளியிலிருந்து உள்ளே புகுவதையும் உள்ளிருந்து வெளியே கசிவதையும் பற்றிய எண். கேபிள் தானே இரைச்சல் பிறப்பிக்குமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு கேபிள் வாங்குவோர் மிகப் பலர்.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

கேபிளை மாற்றுவதற்கு முன் குற்றவாளி கேபிள்தானா என்று உறுதி செய்யுங்கள். இது ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை.

டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும் மின்தடையை) பொருத்துங்கள். இடையில் சிக்னலைச் செலுத்த ஒரு கப்ளர் வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, ரிசீவரில் 12 டெசிபல் சினாட் (இரைச்சலோடு ஒப்பிட்ட ஒலித் தெளிவின் அளவு) கிடைக்க எவ்வளவு சிக்னல் தேவை என்று குறியுங்கள். டிரான்ஸ்மிட்டரை முழுச் சக்தியில் இயக்கி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 1 டெசிபலுக்குள் இருந்தால் அலமாரி நலம். அதிகமாக இருந்தால் கோளாறு டூப்ளெக்சரிலோ அலமாரிக்குள் உள்ள கேபிள்களிலோ இருக்கிறது. கோபுரத்தில் ஏற வேண்டியதே இல்லை.

அலமாரி நலமென்றால் டம்மி லோடை எடுத்துவிட்டு ஃபீட்லைனை மாட்டி அதே அளவீட்டைச் செய்யுங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டர் இயங்கும்போது மட்டும் 6, 10 டெசிபல் என்று வித்தியாசம் தாவினால் கோளாறு மேலே. அடுத்து டம்மி லோடைக் கோபுரத்தின் மேல் கொண்டுபோய், ஆன்டெனாவுக்குப் பதிலாக ஃபீட்லைனின் முனையில் மாட்டுங்கள். இரைச்சல் அப்படியே நின்றால் கேபிளும் அதன் கனெக்டர்களும். மறைந்துவிட்டால் ஆன்டெனா, அல்லது கோபுரத்தில் துருப்பிடித்த போல்ட், தளர்ந்த சங்கிலி, இழுகம்பி. துருப்பிடித்த இணைப்பும் படலக் கேபிள் செய்யும் அதே வேலையைச் செய்யும். அதற்குக் கேபிளை மாற்றிப் பயனில்லை.

டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போதே டம்மி லோடைவிட ஆன்டெனாவில் கூடுதல் சிக்னல் தேவைப்பட்டால் அது தளத்தின் சுற்றுப்புற இரைச்சல். எந்தக் கேபிளும் அதற்கு மருந்தாகாது.

கருவிகள் இல்லாதவர்கள், வலுக்குறைந்த சிக்னலை ஒரு நிலையத்திலிருந்து தொடர்ந்து அனுப்பச் சொல்லி, ரிப்பீட்டரின் ரிசீவர் ஒலிபெருக்கியில் கேட்டபடி டிரான்ஸ்மிட்டரை மட்டும் அணைத்து இயக்கிப் பார்க்கலாம். அணைத்தவுடன் குரல் தெளிந்தால் நோய் உறுதி. டிரான்ஸ்மிட்டர் இயங்கும்போது கேபிளின் கீழ்ப்பகுதியைக் கையால் மெல்ல ஆட்டுங்கள். ஒலிபெருக்கியில் சரசரவென்று கேட்டால் இடத்தையும் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

## எண்களில் ஒரு பார்வை

இழப்பு 100 மீட்டருக்கு, டெசிபலில், சுமாரான அளவு. 1/2 அங்குல ஹார்டுலைன் என்பது எல்டிஎஃப்4-50ஏ வகை, 7/8 அங்குலம் என்பது எல்டிஎஃப்5-50ஏ வகை, நெகிழ்வான 1/2 அங்குலம் என்பது எஃப்எஸ்ஜே4-50பி வகை.

| கேபிள் | வெளிக்கடத்தி | 150 மெகாஹெர்ட்ஸ் | 450 மெகாஹெர்ட்ஸ் | டூப்ளெக்ஸ் இரைச்சல் அபாயம் |
|---|---|---|---|---|
| 7/8 அங்குல ஹார்டுலைன் | நெளிவுச் செம்புக் குழாய் | 1.5 | 2.7 | மிகக் குறைவு |
| 1/2 அங்குல ஹார்டுலைன் | நெளிவுச் செம்புக் குழாய் | 2.8 | 4.9 | மிகக் குறைவு |
| நெகிழ்வான 1/2 அங்குலம் | நெருக்கமான நெளிவுச் செம்புக் குழாய் | 4.2 | 7.6 | மிகக் குறைவு |
| ஈகோஃப்ளெக்ஸ் 15 | செம்புப் படலம், செம்புப் பின்னல் | 3.4 | 6.1 | நடுத்தரம் |
| எல்எம்ஆர்-400 | அலுமினியப் படலம், வெள்ளீய முலாம் பின்னல் | 5 | 9 | அதிகம் |
| ஆர்ஜி-214 | வெள்ளி முலாம் இரட்டைப் பின்னல் | 8 | 16 | குறைவு |
| ஆர்ஜி-213 | ஒற்றைச் செம்புப் பின்னல் | 8 | 16 | நடுத்தரம் |
| ஆர்ஜி-400 | வெள்ளி முலாம் இரட்டைப் பின்னல் | 18 | 35 | குறைவு |

அட்டவணையின் கடைசி நெடுவரிசை என் மதிப்பீடு. கேபிள் வெளியில் தொங்கி, காற்றில் அசைந்து, சில ஆண்டுகள் கழிந்த நிலையை மனத்தில் வைத்துச் சொன்னது.

இந்த எண்களை 40 மீட்டர் நீளத்துக்குப் பொருத்திப் பார்த்தால், 50 வாட்டில் ஆன்டெனாவைச் சென்றடைவது 150 மெகாஹெர்ட்ஸில் இப்படி: 7/8 அங்குலத்தில் 44 வாட், 1/2 அங்குலத்தில் 39, எல்எம்ஆர்-400-இல் 32, ஆர்ஜி-213-இல் 24. 450-இல் இடைவெளி விரிகிறது: 39, 32, 22, 11. யுஎச்எஃப் (இங்கே 450 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரிப்பீட்டருக்கு ஆர்ஜி-213-ஐக் கோபுரத்தில் ஏற்றினால் சக்தியின் பெரும்பகுதி கேபிளைச் சூடாக்கவே போகிறது.

## 1. செம்பு ஹார்டுலைன்

ஹீலியாக்ஸ் என்ற வணிகப் பெயரால் பலரும் அழைப்பது இதைத்தான். நெளிவு கொண்ட ஒரே செம்புக் குழாய், உள்ளே நுரை மின்காப்பு, நடுவில் உட்கடத்தி. மின்னோட்டம் கீழிருந்து மேல்வரை ஒரே உலோகத்தில் ஓடுகிறது. உரச இடமில்லை, ஆக்சைடு இடையில் புக இடமில்லை. இழப்பும் குறைவு. ஒழுங்காகப் போட்டால் இருபது ஆண்டுகளைத் தாண்டியும் உழைக்கிறது. ஒரே ஆன்டெனாவில் டூப்ளெக்ஸ் என்றால் நான் வேறொன்றைத் தேட மாட்டேன்.

அதன் மறைமுகச் செலவுகளைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கனெக்டர் ஒவ்வொரு கேபிள் மாதிரிக்கும் தனி. ஒரே 1/2 அங்குலம் என்றாலும் சாதாரண வகையின் கனெக்டர் நெகிழ்வான வகைக்குப் பொருந்தாது. இலவசமாகக் கிடைத்த கேபிளுக்குக் கனெக்டர் தேடி மாதங்கள் கழிவது உண்டு. ஆகவே கேபிளை ஏற்றுக்கொள்வதற்கு முன் அதன் மேலுறையில் அச்சிட்ட மாதிரி எண்ணைப் படித்து, கனெக்டர் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

வளைக்கும்போது பொறுமை வேண்டும். 1/2 அங்குலத்தை 125 மில்லிமீட்டர் ஆரத்துக்கும், 7/8 அங்குலத்தை 250 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக் கூடாது. ஒருமுறை மடிந்து நசுங்கிய இடத்தை நிமிர்த்த முடியாது. எடையும் கணக்கில் வரும்: 40 மீட்டர் 7/8 அங்குலம் ஏறத்தாழ 20 கிலோ, 1/2 அங்குலம் 9 கிலோ, எல்எம்ஆர்-400 வெறும் 4 கிலோ. மேலே தூக்கப் பிடிவலை, கோபுரத்தில் கட்ட உரிய கவ்விகள், மேலும் கீழும் தரையிணைப்புக் கிட்டுகள் ஆகியவை தனி. குழாயின் காற்றெதிர்ப்பைக் கோபுரம் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

ஆன்டெனாவின் வாலில் ஹார்டுலைனை நேரடியாக மாட்டுவது தவறு. காற்றில் அசையும் ஆன்டெனா விறைப்பான குழாயின் கனெக்டரை நாளடைவில் தளர்த்திவிடும். மேலேயும் கீழேயும் நெகிழ்வான 1/2 அங்குலத்தில் ஒரு மீட்டர் ஜம்பர் (குட்டி இணைப்புக் கேபிள்) போடுங்கள். அது 32 மில்லிமீட்டர் ஆரம்வரை வளையும், வெளிக்கடத்தியும் தொடர் செம்புதான். ஹார்டுலைனுக்கு இவ்வளவு உழைத்துவிட்டு, கடைசி ஒரு மீட்டருக்குக் கையில் கிடைத்த படலக் கேபிளைப் போடும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஆன்டெனாவுக்கு மிக அருகில், காற்றில் மிக அதிகமாக ஆடும் இடத்தில், மிக மோசமான கேபிள். சங்கிலியின் மற்ற கண்ணிகள் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை.

பழைய ஹார்டுலைன் கிடைத்தால் மறுக்காதீர்கள், ஆனால் முனைகளை ஓரடி வெட்டிவிட்டுப் பாருங்கள். செம்பு பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. கறுப்பு மறையும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். முழு நீளத்தையும் கையால் தடவி, நசுங்கலும் உறைக் கிழிசலும் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

கனெக்டர் போடும்போது செம்புத் தூள் ஒரு துகள்கூட உள்ளே தங்கக் கூடாது. வெட்டு நேராக இருக்க வேண்டும், குழாயின் விளிம்பு கனெக்டருக்குள் முழுச் சுற்றிலும் இறுகப் பிடிபட வேண்டும். சரியாகப் போடாத ஹார்டுலைன் கனெக்டர் படலக் கேபிளைப் போலவே இரைச்சல் எழுப்பும். பிறகு கேபிளின் மேல் பழி விழும்.

## 2. அலுமினியப் படலமும் பின்னலும் உள்ள கேபிள்கள்

இவை மோசமான கேபிள்கள் அல்ல. எளிதாக வளைகின்றன, இலகுவானவை, கனெக்டர் எங்கும் கிடைக்கிறது, அந்த விட்டத்துக்கு இழப்பு பாராட்டத்தக்க அளவு குறைவு. வீட்டு நிலையத்துக்கு, இணைப்பு ரேடியோவுக்கு, வாங்குவதற்கு மட்டும் உள்ள தனி ஆன்டெனாவுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே நாள் நிகழ்ச்சிக்காக வண்டியில் ஏற்றிப் போகும் ரிப்பீட்டருக்கும் இவை பொருந்தும். கேபிள் புதிது, அசைவு குறைவு, சக்தியும் குறைவு.

எல்எம்ஆர்-400 போட்டும் எங்கள் ரிப்பீட்டர் பல ஆண்டுகளாக நன்றாக ஓடுகிறதே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. 10 வாட் யுஎச்எஃப், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, கட்டடத்துக்குள்ளேயே ஓடும் அசையாத கேபிள் என்றால் தொல்லை வெளியே தெரியாமல் இருக்கலாம். இரைச்சல் டிரான்ஸ்மிட்டரின் அதிர்வெண்ணுக்கு அருகில்தான் வலுவாக இருக்கும். இடைவெளி விரிய விரியக் குறையும். 2 மீட்டரில் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 50 வாட்டில், காற்றோட்டமான கோபுரத்தில் அதே கேபிளிடம் அதே நல்ல நடத்தையை எதிர்பார்க்க முடியாது. புதிதாகப் போட்ட அன்று அளந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பிறகு மெல்ல மெல்ல ரிசீவர் செவிடாகும். படிப்படியாக வருவதால் யாரும் கவனிப்பதில்லை. பயனர்கள் குறைந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே மறைமுகச் செலவு இரண்டாவது முறை கோபுரம் ஏறுவது. கேபிளில் மிச்சப்படுத்தியது அந்த ஒரு நாளில் கரைந்துவிடும்.

பெல்டன் 9913 போன்ற காற்று இடைவெளிக் கேபிள்களில் வேறொரு ஆபத்தும் சேர்கிறது. மேல் கனெக்டரில் புகுந்த நீர் உள்ளே உள்ள காலியிடம் வழியே கீழ்வரை இறங்கிவிடும். வெளியில் தொங்கும் ரிப்பீட்டர் கேபிளாக அதை நினைக்கவே வேண்டாம்.

## 3. செம்புப் படலமும் செம்புப் பின்னலும்

ஈகோஃப்ளெக்ஸ் வரிசையைப் போன்ற கேபிள்களில் படலமும் செம்பு, பின்னலும் செம்பு. இரு உலோகத் தொல்லை இல்லை. ஈகோஃப்ளெக்ஸ் 15-இன் இழப்பு 1/2 அங்குல ஹார்டுலைனை நெருங்கி வருகிறது. ஆனாலும் தொடுபுள்ளிகள் இருக்கவே செய்கின்றன. செம்பும் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். ஹார்டுலைன் கிடைக்காத இடத்தில், வளைவுகள் அதிகமுள்ள பாதையில், இதை நடுவழியாக ஏற்றுக்கொள்வேன். ஆண்டுக்கொரு முறை அளக்கும் பழக்கம் உள்ள குழுவாக இருந்தால் இன்னும் நல்லது.

## 4. ஆர்ஜி-214, ஆர்ஜி-400

இவற்றின் உண்மையான இடம் அலமாரிக்குள். இரட்டைப் பின்னல், இரண்டும் வெள்ளி முலாம் பூசியவை. வெள்ளி நல்ல தொடர்பைத் தரும், இரட்டைப் பின்னல் கசிவை வெகுவாகக் குறைக்கும்.

கசிவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். டூப்ளெக்சர் 90 டெசிபல் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் ஒற்றைப் பின்னல் ஆர்ஜி-58-ஐயும் ரிசீவருக்குப் போகும் இன்னொரு ஆர்ஜி-58-ஐயும் சேர்த்து அழகாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். ஒன்றிலிருந்து கசிந்து மற்றொன்றில் நுழைவது டூப்ளெக்சரைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போகிறது. 90 டெசிபலுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதைவிடக் குறைவான பிரிப்பையே பெறுகிறீர்கள். டிரான்ஸ்மிட்டர் பக்கக் கேபிளையும் ரிசீவர் பக்கக் கேபிளையும் எப்போதும் விலக்கி ஓடவிடுங்கள். இரண்டுமே இரட்டைப் பின்னலாக இருக்கட்டும். ஆர்ஜி-400 மெல்லியது, நெகிழ்வானது, ஒரு மீட்டர் ஜம்பருக்கு அதன் இழப்பு பொருட்டல்ல.

வாங்கும்போது எச்சரிக்கை தேவை. ஆர்ஜி-214 வகை என்று விற்கப்படுபவற்றில் வெள்ளீய முலாம் பின்னல் உள்ளவையும் உண்டு. ஒரு முனையை உரித்து, விவரத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். ஆர்ஜி-8 என்ற பெயரோ இன்னும் பொதுவானது. அந்தப் பெயரில் மிக வேறுபட்ட கட்டமைப்புகள் உலவுகின்றன.

ஆர்ஜி-214-ஐ முக்கிய ஃபீட்லைனாகப் போடலாமா? 2 மீட்டரில், 10 மீட்டருக்குள் என்றால் போடலாம், இழப்பு ஒரு டெசிபலுக்கும் குறைவு. அதற்கு மேல் வேண்டாம்.

## 5. ஆர்ஜி-213

அலுமினியம் இல்லாததால் இரைச்சலில் எல்எம்ஆர்-400-ஐவிட நம்பகமானது. இழப்பிலும் கசிவிலும் பின்தங்கியது. தற்காலிகமாக ஒரு பருவம் ஓட்ட வேண்டியிருந்தால் சரி.

## 6. கேபிள் டிவி ஹார்டுலைன்

75 ஓம், அலுமினியக் குழாய். குழாய் தொடர்ச்சியானது என்பதால் இரைச்சல் நோக்கில் கட்டமைப்பு நல்லது. ஆனால் 50 ஓம் அமைப்பில் நேரடியாக மாட்டினால் எஸ்டபிள்யூஆர் 2.25 வரை போகலாம், டூப்ளெக்சரோ 50 ஓமை எதிர்பார்த்துத் திருத்தப்பட்டது. மின்நீளத்தை (கேபிளுக்குள் ஓடும் அலையின் கணக்கில் நீளத்தை) அரை அலையின் மடங்காக வெட்டிச் சமாளிக்கலாம். அலுமினியமும் பித்தளைக் கனெக்டரும் சேரும் இடத்தில் மறுபடி இரு உலோகச் சிக்கல் தலைதூக்கும். அந்த இணைப்பை நீர் புகாமல் காக்கவும், அடிக்கடி பரிசோதிக்கவும் பொறுப்பான ஒருவர் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

## 7. இரண்டு ஆன்டெனா, இரண்டு கேபிள்

கேபிளை மாற்றாமல் அமைப்பை மாற்றும் வழி இது. அனுப்ப ஒரு ஆன்டெனா, வாங்க இன்னொன்று, செங்குத்தாக மேலும் கீழும். 2 மீட்டர் பட்டையில் 20 மீட்டர் செங்குத்து இடைவெளி ஏறத்தாழ 68 டெசிபல் பிரிப்பைத் தரும். அதே தூரம் கிடைமட்டமாக இருந்தால் 42 டெசிபல்தான், அதிலும் ஆன்டெனாக்களின் ஆதாயத்தைக் கழிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் கேபிளில் பிறக்கும் இரைச்சலும் இந்த இடைவெளியைத் தாண்டித்தான் ரிசீவரை அடைய வேண்டும் என்பதால், படலக் கேபிளுக்கு இங்கே மன்னிப்பு உண்டு. உயரமான கோபுரமும் இரண்டு ஆன்டெனா வைக்க இடமும் இருந்தால் நல்ல வழி. மீதிப் பிரிப்புக்கு வடிகட்டி எப்படியும் தேவைப்படும்.

## எந்த நிலையில் எதை

கோபுரம், 2 மீட்டர், 25 வாட்டுக்கு மேல், ஒரே ஆன்டெனா: 1/2 அங்குல ஹார்டுலைன், இரு முனையிலும் நெகிழ்வான 1/2 அங்குல ஜம்பர். நீளம் 50 மீட்டரைத் தாண்டினால், அல்லது யுஎச்எஃப் என்றால், 7/8 அங்குலம். பல டிரான்ஸ்மிட்டர்கள் உள்ள பொதுத் தளத்தில் இதைத் தவிர வேறெதையும் பேச வேண்டாம். நம் கேபிளில் பிறக்கும் கலப்பு அதிர்வெண் அடுத்தவர் ரிசீவரையும் கெடுக்கும்.

கட்டடத்தின் மாடியில் 10 மீட்டருக்குக் குறைவான ஓட்டம்: நெகிழ்வான 1/2 அங்குலம், அல்லது 2 மீட்டரில் ஆர்ஜி-214.

ஏற்கெனவே எல்எம்ஆர்-400 மேலே தொங்குகிறது, சோதனையில் வித்தியாசம் 1 டெசிபலுக்குள்: கழற்றாதீர்கள். அளந்துகொண்டே இருங்கள், புதிய கேபிளுக்கான நிதியை இப்போதே ஒதுக்கத் தொடங்குங்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முதலில் அலமாரிக்குள் உள்ள ஒற்றைப் பின்னல் ஜம்பர்களை மாற்றுங்கள். சில மீட்டர் ஆர்ஜி-400-உம் வெள்ளி முலாம் பூசிய என்-வகை (N) கனெக்டர்களும் போதும். கோபுரம் ஏறாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் அது. கனெக்டரில் நிக்கல் முலாமைத் தவிருங்கள். நிக்கல் காந்தத் தன்மையுள்ளது; அதன் வழியே பெரிய மின்னோட்டம் ஓடும்போது அதுவே கலப்பு அதிர்வெண்களைப் பிறப்பிக்கும். பிஎல்-259 வகைக் கனெக்டரையும், ஆண் பெண் அடாப்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதையும் ரிப்பீட்டர் தளத்திலிருந்து விலக்கி வையுங்கள். ஒவ்வொரு அடாப்டரும் தளரக் காத்திருக்கும் இன்னொரு தொடுபுள்ளி.

எதைப் போட்டாலும் வெளியில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, அதன்மேல் வினைல் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போது ஓட்டுக்கூரையைப் போல மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடும், மழைநீர் உள்ளே நுழையாமல் வழிந்துவிடும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு தாழ்வளைவு விட்டு, சொட்டுநீர் வெளியிலேயே விழும்படி செய்யுங்கள்.

வேலை முடிந்த அன்றே மூன்று எண்களை எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்: டம்மி லோடில் ரிசீவர் இழந்த டெசிபல், ஆன்டெனாவில் இழந்த டெசிபல், கீழ்முனையில் அளந்த ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சக்தி அனுப்பியதைவிட எத்தனை டெசிபல் குறைவு என்பது). அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே கருவிகளால் அதே மூன்றையும் அளந்து, பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். இரண்டாவது எண் 2 டெசிபலுக்கு மேல் உயர்ந்திருந்தால், முதலில் மேல் ஜம்பரின் கனெக்டரைத் திறந்து பாருங்கள்.